பள்ளிக்கூடத்தில் முப்பது படுக்கை: இஸ்கெண்டெருன் இந்தியக் கள மருத்துவமனை குறித்து ஒரு செவிலியரின் மதிப்பீடு

பேரிடர்க் காலத்தில் திறக்கப்படும் மருத்துவமனையை மதிப்பிட உட்காரும் ஒரு செவிலியர் முதலில் பார்ப்பது, அதன் கதவு என்றைக்குத் திறந்தது என்பதைத்தான். மருத்துவர்கள் எத்தனை பேர், கருவிகள் என்னென்ன என்பதெல்லாம் அதற்கு அடுத்த கேள்விகள். 2023 பிப்ரவரி 6 அதிகாலை 4.17 மணிக்குத் துருக்கியின் தென்பகுதியில் 7.8 அளவில் நிலம் குலுங்கியது. அன்று பிற்பகலிலேயே 7.5 அளவில் மறுபடியும் குலுங்கியது. துருக்கியில் மட்டும் 53,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எல்லைக்கு அப்பால் சிரியாவிலும் பல்லாயிரம் குடும்பங்கள் சிதைந்தன. பிப்ரவரி 9 அன்று, ஹதாய் மாகாணத்தின் கடலோர நகரமான இஸ்கெண்டெருனில் இந்திய ராணுவத்தின் கள மருத்துவமனை இயங்கத் தொடங்கிவிட்டது என்றும், பொது மருத்துவம், அறுவை, அவசரச் சிகிச்சைப் பிரிவுகளோடு எக்ஸ்ரே கூடமும் மருந்துக் கிடங்கும் செயல்படுகின்றன என்றும் நம் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் அறிவித்தார். நான்காம் நாளில் கதவு திறந்திருந்தது என்பது இந்தச் சேவைக்கு நான் கொடுக்கும் முதல் மதிப்பெண்.

அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டில் பல ஆண்டுகள் ஸ்டாஃப் நர்ஸாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். 'ஆபரேஷன் தோஸ்த்' என்று நம் அரசு பெயரிட்ட அந்தப் பணியைப் பற்றிப் பெருமிதமாகப் பேசியவர்கள் பலர். அந்த மருத்துவமனை மருத்துவமனையாக எப்படி இருந்தது என்று வார்டுக்காரியின் கண்ணோடு பார்த்து எழுதியதை நான் படிக்கவில்லை. சென்றவர்களுக்கு மரியாதை செய்வதென்றால், அவர்கள் செய்த வேலையை விவரம் தெரிந்து பாராட்டுவதுதான் முறையான மரியாதை என்று நினைப்பதால் இதை எழுதுகிறேன்.

இடத்தேர்விலிருந்து தொடங்குகிறேன். இஸ்கெண்டெருனில் அரசு மருத்துவமனைக் கட்டடமே இடிந்து விழுந்திருந்தது; துறைமுகத்தில் கண்டெய்னர்கள் நாள்கணக்கில் எரிந்துகொண்டிருந்தன. ஓர் ஊரில் வீடுகளும் மருத்துவமனையும் ஒரே நேரத்தில் விழுந்துவிட்டால், காயம்பட்டவர்கள் போவதற்கு இடமே இல்லாமல் போகும்; பிரசவ வலி கண்டவர்களும், சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்பவர்களும், மூச்சிரைப்புக்காரர்களும், நிலநடுக்கத்துக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாத நோயோடு அதே தெருவில் நிற்பார்கள். வெளியில் இருப்பவர்களுக்கு இது தோன்றாது. கள மருத்துவமனை என்றாலே கையும் காலும் முறிந்தவர்களுக்கானது என்றுதான் நினைப்பார்கள். இடிந்துபோன அரசு மருத்துவமனையின் இடத்தை நிரப்பும் வேலையும் சேர்ந்தே, இந்தியாவிலிருந்து சென்ற 99 பேர் கொண்ட குழுவின் தலையில் விழுந்தது.

அந்தக் குழுவை அனுப்பியது ஆக்ராவில் உள்ள 60 பாரா கள மருத்துவமனை என்ற, பாராசூட் படையைச் சார்ந்த ராணுவ மருத்துவப் பிரிவு. எலும்பு அறுவை நிபுணர்கள், பொது அறுவை நிபுணர்கள், மருத்துவ நிபுணர்கள் ஆகியோரோடு எக்ஸ்ரே இயந்திரம், வென்டிலேட்டர்கள், இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் கருவிகள், ஆக்சிஜன் தயாரிக்கும் சாதனம் ஆகியவற்றையும் விமானப் படையின் சி-17 விமானங்கள் சுமந்துகொண்டு அதானாவில் இறக்கின. அங்கிருந்து இஸ்கெண்டெருன் சாலை வழியே நூறு கிலோமீட்டருக்கும் அதிகம். ஆக்சிஜன் சாதனத்தைக் கையோடு கொண்டுபோனதை நான் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். சிலிண்டரை நம்பி வார்டு நடத்தியவர்களுக்கு மட்டுமே அதன் அருமை தெரியும். காலி சிலிண்டரை மாற்ற ஆள் தேடி ஓடும் அந்தச் சில நிமிடங்களில் நோயாளியின் உதடு நீலமாவதைப் பார்த்தவள் நான். சாலைகள் பிளந்து, கடைகள் மூடி, எரிபொருளுக்கு வரிசை நிற்கும் ஊரில், அந்த ஊரிடம் எதையும் கேட்காமல் இயங்க முடிவதே வெளிநாட்டு மருத்துவக் குழுவின் முதல் தகுதி. உதவிக்கு வந்தவர்கள் விருந்தாளியாகிவிட்டால் அது உதவியே அல்ல.

அடுத்தது எண்ணிக்கை. 30 படுக்கைகள், 12 நாட்கள், 3,600 நோயாளிகள். பின்னாளில் இந்தப் பிரிவுக்கு விருது வழங்கப்பட்டபோது அரசு வெளியிட்ட கணக்கு இது. சராசரியாக ஒரு நாளைக்கு 300 பேர். வெளிநாட்டுக்குச் செல்லும் அவசர மருத்துவக் குழுக்களை உலக சுகாதார நிறுவனம் வகை பிரித்துள்ளது. அறுவைச் சிகிச்சை செய்யக்கூடிய இரண்டாம் வகைக் குழு நாளொன்றுக்கு 100 புறநோயாளிகளைப் பார்க்கவும், 20 உள்நோயாளிகளை வைத்துக்கொள்ளவும், 7 பெரிய அறுவையையோ 15 சிறிய அறுவையையோ செய்யவும் திறன் பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் குறைந்தபட்ச அளவுகோல். நாளொன்றுக்கு 100 பேர் என்ற அளவுகோலோடு வைத்துப் பார்த்தால், இவர்கள் பார்த்தது மூன்று மடங்கு. 300 பேர் என்றால், ஒவ்வொருவருக்கும் சீட்டு எழுதி, ரத்த அழுத்தம் பார்த்து, காயத்தைக் கழுவிக் கட்டி, டெட்டனஸ் ஊசி போட்டு, மருந்தைக் கையில் கொடுத்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று அவர் மொழியில் விளங்கவைத்து அனுப்ப வேண்டும். அந்த 99 பேரில் சமையல்காரரும் வாகன ஓட்டியும் இயந்திரம் பழுது பார்ப்பவரும் அடங்குவர் என்பதையும் நினைத்துக்கொண்டால், படுக்கையருகே நின்ற கைகள் எவ்வளவு குறைவாக இருந்திருக்கும் என்பது புரியும்.

நிலநடுக்க நோயாளிகளில் எங்களைப் போன்றவர்கள் மிகவும் அஞ்சுவது நசுங்கல் காயத்தைத்தான். தூணோ கூரையோ தொடையின் மேல் பல மணி நேரம் அழுத்திக் கிடக்கும். தசை உள்ளுக்குள்ளேயே சாகத் தொடங்கும். மீட்புப் படையினர் பாரத்தைத் தூக்கிய அந்தக் கணத்தில், அதுவரை தடைபட்டிருந்த ரத்தம் பாய்ந்து, செத்த தசையிலிருந்து பொட்டாசியத்தையும் மயோகுளோபின் என்ற தசைப் புரதத்தையும் உடலெங்கும் கொண்டுபோகும். பொட்டாசியம் இதயத்தை நிறுத்தும். தப்பித்தால் மயோகுளோபின் சிறுநீரகத்தை அடைக்கும். பேசிக்கொண்டே ஸ்ட்ரெச்சரில் வந்தவர் ஒரு மணி நேரத்தில் கண்முன்னே போய்விடுவார். இதே துருக்கியில் 1999 ஆகஸ்ட் 17 அன்று மர்மரா பகுதியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் 639 பேருக்கு இவ்வகையில் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, 477 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. பாரத்தைத் தூக்கும் முன்பே, இடிபாட்டுக்குள் கை நுழையும் சந்தில் ஊசியேற்றி உப்புநீரைச் செலுத்தத் தொடங்கிவிட வேண்டும் என்பது அத்தகைய அனுபவங்களிலிருந்து மருத்துவ உலகம் கற்ற பாடம். மீட்பவரும் மருத்துவம் பார்ப்பவரும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்று நான் சொல்வது இதனால்தான். ஒருவரை மதிப்பிட்டுவிட்டு மற்றவரை விட்டுவிட முடியாது.

அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி தேசியப் பேரிடர் மீட்புப் படை. நம் ஊரில் அரக்கோணத்தில் அதன் 4ஆவது பட்டாலியன் இருப்பதால், வெள்ளம் வந்தால் ஆரஞ்சு உடையில் படகோடு வந்து இறங்குபவர்களாகவே தமிழ்நாட்டில் அவர்களை அறிவோம். துருக்கிக்குச் சென்றவர்கள் காசியாபாத், கொல்கத்தா, வாரணாசி முகாம்களைச் சேர்ந்த சுமார் 150 பேர். பெண் வீரர்கள் ஐவர் அவர்களில் இருந்தனர். ஒருவர் பதினெட்டு மாத இரட்டைக் குழந்தைகளை மாமியார் வீட்டில் விட்டுவிட்டுப் புறப்பட்டவர். மோப்ப நாய்களும் சென்றன. காசியான்டெப் மாகாணத்தின் நுர்தாகியில் இடிந்த அடுக்குமாடி ஒன்றின் மேல் ஏறிய ஜூலி என்ற லாப்ரடார் ஓரிடத்தில் நின்று குரைத்தது. ஒரு நாய் சொன்னால் போதாது, இரண்டாவது நாயும் சொல்ல வேண்டும் என்பது விதி. ரோமியோவை அழைத்துவந்தார்கள். அதுவும் அதே இடத்தில் குரைத்தது. ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி உயிரோடு வெளியே வந்தாள். அதற்குப் பிறகு இன்னொரு சிறுமியும் மீட்கப்பட்டாள். உயிருடன் மீட்டவர்கள் இருவர்; எடுத்துக் கொடுத்த உடல்கள் 85.

இந்த இரண்டு எண்களையும் வைத்து "இவ்வளவு பேர் போய் இரண்டே பேரா?" என்று கேட்பவர்கள் உண்டு. என்னிடமே கேட்டிருக்கிறார்கள். உயிரோடு சிக்கியவர்களில் பெரும்பாலோரை முதல் சில மணி நேரங்களிலேயே அக்கம்பக்கத்தார் வெறுங்கையால் தோண்டி எடுத்துவிடுகிறார்கள். இது எந்த நாட்டு நிலநடுக்கத்திலும் காணப்படுவது. எவ்வளவு விரைந்தாலும், கடல் தாண்டி வரும் படை வந்து சேரும்போது ஆழத்தில் சிக்கியவர்கள்தான் மிஞ்சியிருப்பார்கள். அப்புறம் அந்த 85 உடல்கள்: ஒரு தாய்க்குத் தன் மகனைக் குளிப்பாட்டித் துணி போர்த்தி அடக்கம் செய்யக் கிடைப்பது சிறிய உதவி அல்ல. சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் மாதக்கணக்கில் காத்திருந்த பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சுனாமி என்றதும் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். இஸ்கெண்டெருன் மருத்துவமனை ஒரு பள்ளிக் கட்டடத்தில்தான் நடந்தது. 2005 ஜனவரியில் கடலூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அமைத்த மருத்துவ முகாமில் மூன்று வாரம் பணியாற்றியிருக்கிறேன் என்பதால், பள்ளியை மருத்துவமனையாக்குவது என்ன வேலை என்பது எனக்குத் தெரியும். பெஞ்சுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து நைலான் கயிற்றால் கட்டித்தான் எங்கள் படுக்கைகளைச் செய்தோம். கயிறு தளர்ந்தால் நடுவில் பிளந்துகொள்ளும், முதுகுக் காயக்காரர் அலறுவார். கரும்பலகையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, படுக்கை எண்ணுக்கு நேரே சிறுநீர் எவ்வளவு போயிற்று என்று எழுதுவோம். யாராவது தோளால் உரசிவிட்டுப் போனால் ஒரு நோயாளியின் இரவுக் கணக்கே அழிந்துவிடும். எல்லாவற்றையும்விடக் கழிவறைதான் சோதனை. குழந்தைகளின் உயரத்துக்குக் கட்டிய தாழ்ந்த பீங்கானில், இடுப்பெலும்பு முறிந்த பெரியவரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து உட்காரவைக்க வேண்டும். அந்த வேலையை முகாமில் பெரும்பாலும் செய்தவர் ஒரு துப்புரவுப் பணியாளர். அவரை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

துருக்கியில் பிப்ரவரி என்பது கடுங்குளிர். இரவில் வெப்பநிலை உறைநிலையை நெருங்கும் பகுதிகளில், வீடிழந்தவர்கள் தெருவில் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருந்த நாட்கள் அவை. அப்படிப்பட்ட பருவத்தில் கட்டடத்தையும் கூடாரத்தையும் சேர்த்துப் பயன்படுத்தி, அறுவைக் கூடம், பல் சிகிச்சை, எக்ஸ்ரே, ஆய்வகம் எல்லாவற்றையும் ஒரே வளாகத்துக்குள் அமைத்திருக்கிறார்கள் என்பது ஏற்பாட்டின் தரத்தைக் காட்டுகிறது. பல் மருத்துவர் எதற்கு என்று தோன்றலாம். இடிந்து விழும் சுவரில் முகம் மோதியவர்களுக்குத் தாடை உடையும். தாடை உடைந்தவரால் உணவை விழுங்க முடியாது. அதைக் கம்பியிட்டுக் கட்டத் தெரிந்தவர் பல் மருத்துவர்தான்.

மொழி ஒரு தடை என்பதை விருதுக் குறிப்பிலேயே அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனாலும் 'தோஸ்த்' என்ற ஒரு சொல் இரு பக்கத்துக்கும் பொதுவாக இருந்தது. பாரசீகத்திலிருந்து துருக்கிக்கும் இந்திக்கும் போன அதே சொல்தான் சென்னைத் தெருவில் "நம்ம தோஸ்துப்பா" என்று இன்றைக்கும் புழங்குகிறது. வலியைப் பொறுத்தவரை, ஒரு செவிலியருக்கு அவ்வளவு மொழி தேவைப்படுவதும் இல்லை. நெற்றிச் சுருக்கமும், தொட்டதும் இழுத்துக்கொள்ளும் விரலும் போதிய அளவு சொல்லிவிடும். மருந்தளவைச் சொல்லத்தான் மொழி வேண்டும். மொழியில்லாத இடத்தில் நாங்கள் சூரியனையும் நிலாவையும் அட்டையில் வரைந்து மாத்திரையை ஒட்டிக் கொடுத்ததுண்டு. சிகிச்சை பெற்ற துருக்கிப் பெண்மணி ஒருவர் நம் பெண் மருத்துவ அதிகாரியை அணைத்து முத்தமிடும் படத்தை ராணுவம் வெளியிட்டதைப் பலர் பார்த்திருப்பீர்கள். நோயாளியின் முகத்தைவிட அந்த மருத்துவரின் கண்களைப் பார்க்கச் சொல்வேன். இரவுப் பணி முடித்த கண்கள் அவை.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். பன்னிரண்டு நாள் என்பது எலும்பு முறிவுக்குப் போதாது. போட்ட தையலைப் பிரிக்கவே பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். காலில் கட்டிய மாவுக்கட்டு ஆறு வாரம் இருக்க வேண்டும். எலும்பை வெளியிலிருந்து கம்பியால் பிடித்து நிறுத்தியிருந்தால், அந்தக் கம்பி நுழையும் துளைகளைத் தினமும் துடைத்துச் சீழ் பிடிக்காமல் காக்க வேண்டும். பிப்ரவரி மூன்றாம் வாரத்தோடு நம் குழுவினர் புறப்பட்டுவிட்டார்கள். பிப்ரவரி 20 இரவு எட்டு மணியளவில் அதே ஹதாய் மாகாணத்தில் 6.4 அளவில் மீண்டும் நிலம் குலுங்கியது. பேரிடரின் முதல் அலை காயம் என்றால், இரண்டாவது அலை தொடர் சிகிச்சை. இந்தியா அனுப்பும் கள மருத்துவமனைகள் மூன்று வாரமாவது தங்க வேண்டும், அறுவை நிபுணர்கள் திரும்பினாலும் காயம் கட்டவும் உடற்பயிற்சி சொல்லித்தரவும் தெரிந்த பத்துப் பேராவது பின்தங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் வந்தவர்கள் விரைந்து வந்தார்கள் என்பதாலேயே, அவர்கள் விரைந்து போனதும் நோயாளிகளுக்கு வலித்திருக்கும்.

இனி, அவர்களுக்குச் செய்யப்பட்ட மரியாதை. இந்த மதிப்பீட்டை எழுத வேண்டும் என்று என்னைத் தூண்டியதே இந்தப் பகுதிதான்.

திரும்பியவர்களைப் பிரதமர் பிப்ரவரி 20 அன்று தம் இல்லத்தில் சந்தித்தார். 2001 குஜராத் நிலநடுக்கத்தின்போது தன்னார்வலராகத் தாம் பணியாற்றியதையும் அங்கே நினைவுகூர்ந்தார். ராணுவத் தலைமைத் தளபதி மருத்துவக் குழுவைப் பாராட்டினார். ஜூலிக்கு மீட்புப் படையின் தலைமை இயக்குநரின் பாராட்டுச் சான்று கிடைத்தது. இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் என் மனதை நிறைத்தது 2024 ஜனவரி 23 அன்று வந்த அறிவிப்புதான். பேரிடர் மேலாண்மைக்காக நேதாஜியின் பிறந்த நாளையொட்டி அறிவிக்கப்படும் சுபாஷ் சந்திர போஸ் ஆப்தா பிரபந்தன் விருது, அந்த ஆண்டு நிறுவனப் பிரிவில் 60 பாரா கள மருத்துவமனைக்கு வழங்கப்பட்டது. 51 லட்சம் ரூபாயும் சான்றிதழும். தளபதிக்கும் இல்லை, புகழ் பெற்ற அறுவை நிபுணருக்கும் இல்லை; மருத்துவமனைக்கே விருது.

இது ஏன் சரியான மரியாதை என்று சொல்கிறேன். எங்கள் முகாம் முடிந்த சில மாதங்களில், ஓர் அமைப்பு எங்களுக்குப் பாராட்டு விழா எடுத்தது. பந்தல், மேளம், பெரிய பேனர். மேடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பாராட்டிப் பேசி முடிக்கவே இரண்டு மணி நேரம் ஆயிற்று. எங்களுக்குப் பொன்னாடை போர்த்தும் நேரம் வந்தபோது கடைசி வரிசைக்கு ஆடை போதவில்லை. போர்த்திய ஆடையைக் கழற்றி வாங்கி அடுத்தவருக்குப் போர்த்திப் படம் எடுத்தார்கள். அக்கா அன்று தன்னிடம் இருந்ததிலேயே நல்ல புடவையை உடுத்திக்கொண்டு, தன் மகளையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். அவர் பெயர் பட்டியலிலேயே இல்லை. நான் போய்க் கேட்டபோது, "மருத்துவப் பணியாளர்களுக்கு மட்டும்தான், மேடம்" என்று ஒரு இளைஞர் மரியாதையாகவே பதில் சொன்னார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மகளிடம் "போலாம் வா, பசிக்குதுல்ல" என்று சொல்லி, சாப்பாட்டுப் பந்திக்குக்கூட நிற்காமல் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார். நான் என் பொன்னாடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

எனவே ஒரு கள மருத்துவமனைக்கே விருது என்ற செய்தியைப் படித்தபோது, இடுப்பு முறிந்தவரைக் கழிவறையில் தாங்கிப் பிடித்தவருக்கும், இரவு இரண்டு மணிக்கு ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியவருக்கும், முந்நூறு பேருக்குச் சீட்டு எழுதியவருக்கும் அதில் சம பங்கு இருக்கிறது என்று நினைத்து மகிழ்ந்தேன்.

இந்த மருத்துவமனைக்கு அப்படியொரு மரபும் இருக்கிறது. 1942-இல் உருவான பிரிவு இது. கொரியப் போர் நடந்த ஆண்டுகளில், சண்டையிட அல்ல, மருத்துவம் பார்க்கவே சுதந்திர இந்தியா கொரியாவுக்கு அனுப்பிய மருத்துவப் பிரிவு இதன் முன்னோடி. அதற்குத் தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ்; மகா வீர் சக்கரம் பெற்றவர். 1951 மார்ச்சில் அமெரிக்க வான்குடைப் படையினரோடு அவரும் அவர் குழுவினரில் சிலரும் பாராசூட்டில் குதித்துப் போர்முனையிலேயே அறுவை செய்தார்கள். அந்தப் போர் தொடங்கி எழுபது ஆண்டுகள் கழித்து, 2020 ஜூலை மாதத்துக்குரிய போர் நாயகராக ரங்கராஜைத் தென் கொரிய அரசு அறிவித்தது. உதவி பெற்ற நாடு எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் பெயரை மறக்கவில்லை. நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும் என்று நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. நம் பள்ளிப் பாடநூலிலாவது ரங்கராஜ் என்ற பெயர் ஒரு பத்தி பெற வேண்டும்.

உதவி பெற்றவர்கள் செய்யும் மரியாதையில் ஒரு தனிச் சுவை உண்டு. மெக்சிகோ ராணுவத்தின் புரோட்டியோ என்ற மோப்ப நாய், நம் அதியமானின் பெயரை நினைவூட்டும் அதியமான் என்ற துருக்கி நகரில் பணியின்போதே இறந்துபோனது. துருக்கி அரசு மெக்சிகோவுக்கு ஒரு நாய்க்குட்டியை அனுப்பியது. அதற்கு 'அர்கதாஷ்' என்று பெயர் வைத்தார்கள். துருக்கி மொழியில் நண்பன் என்று பொருள். இழந்ததற்கு ஈடாக உயிருள்ள ஒன்றைக் கொடுத்ததில், பதக்கத்தைவிட ஆழமான அக்கறை தெரிகிறது.

நம் மீட்புப் படையின் துணைக் கமாண்டன்ட் ஒருவர் திரும்பி வந்தபின் செய்தியாளர்களிடம் சொன்ன நிகழ்ச்சியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவர் சைவ உணவு மட்டுமே உண்பவர். மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் இழந்திருந்த துருக்கியர் ஒருவர் அதைத் தெரிந்துகொண்டு, படை எங்கே மாற்றப்பட்டாலும் தேடி வந்து, ஆப்பிளோ தக்காளியோ கிடைத்ததை உப்புத் தூவிக் கொடுத்துவிட்டுப் போவாராம். பிரியும்போது கட்டியணைத்துச் சகோதரா என்று அழைத்தாராம். பத்து நாட்கள் குளிக்காமல் இடிபாட்டில் கிடந்த படைக்கு, வீடே இல்லாத ஒருவர் நடத்திய விருந்தோம்பல் அது. சிகிச்சை பெற்றவர் கையால் ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்ட எந்தச் செவிலியருக்கும் இதன் அளவு தெரியும். எங்கள் முகாமில் மீனவக் குடும்பத்துப் பாட்டி ஒருவர், நிவாரணத்தில் கிடைத்த அரிசியில் கஞ்சி காய்ச்சி எங்களுக்கு முதல் டம்ளரைக் கொடுத்த பிறகே தாம் குடிப்பார்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: விரைவுக்கும் தன்னிறைவுக்கும் பத்துக்குப் பத்து. சிகிச்சைக்கு, இவ்வளவு குறைந்த கைகளால் இவ்வளவு பேரைப் பார்த்ததற்கு, ஒன்பது. தங்கிய காலத்துக்கு ஆறு. அரசு செய்த மரியாதைக்கு எட்டு. பொதுமக்களாகிய நாம் செய்ததற்கு என்னால் ஐந்துக்கு மேல் கொடுக்க முடியவில்லை. ஒரு படத்தைப் பகிர்ந்ததோடு நம்மில் பெரும்பாலோரின் நன்றி முடிந்துவிட்டது.

2025 மார்ச் 28 அன்று மியான்மரில் 7.7 அளவில் நிலம் அதிர்ந்தபோது, மாண்டலேக்கு ஆக்ராவிலிருந்து மீண்டும் ராணுவ மருத்துவக் குழு புறப்பட்டது. இம்முறை 118 பேர். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் நாடு என்பதால், அந்தச் செய்திகளை இன்னும் கூர்ந்து படித்தேன். தலைமை தாங்கிய அதிகாரியின் பெயர் எல்லாச் செய்தியிலும் இருந்தது. மீதிப் பேரில் சமையல்காரர் எத்தனை, ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்கள் எத்தனை, துப்புரவுப் பணியாளர் எத்தனை என்பது எதிலும் இல்லை. பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பெயர்களை வெளியிட முடியாவிட்டால், பதவிவாரியாக எண்ணிக்கையையாவது பாராட்டு அறிவிப்புகளில் சேர்க்க வேண்டும் என்று கேட்டு, உரிய அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். அக்காவின் மகள் இப்போது நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண்ணுக்குத் தாய். கடிதத்தைக் கணினியில் தட்டச்சு செய்து கொடுத்தது அந்தப் பேத்திதான்.